கிளிப்பச்சைக் கோட்டு வேலைக்குப் போனது

மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை பார்த்தவளின் பிரசவ விடுப்பு முடிவதற்குள்ளேயே அவளுடைய கிளிப்பச்சைக் கோட்டு அவளில்லாமல் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டது. தப்பு முழுக்க அவள் புருஷனுடையது. பஸ் ஓட்டுகிற மனுஷன். நல்லவர்தான், ஆனால் வீட்டில் எதையாவது ஒதுங்கவைக்காவிட்டால் கை துறுதுறுக்கும். "பிள்ளை பெத்தாச்சு, இனிமே இதெல்லாம் எங்க போட்டுக்கப் போறே?" என்று, பட்டனுக்கு ஒரு நிறமாக அவள் தைத்து வைத்திருந்த அந்தக் கோட்டையும், சிவப்புக் குதிகால் செருப்பையும் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். ஓரவஞ்சனை கூடாதென்று தன்னுடைய வரிபோட்ட கால்சட்டையையும் கூடவே போட்டார். கோட்டுப் பையில் கடைச்சாவி கிடந்ததை மட்டும் கவனிக்கவில்லை. சாவி வைத்திருக்கிற கோட்டு சும்மா கிடக்குமா?

தினமும் காலையில் அது பரணிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கண் சரியாகத் தெரியாதவர்கள்தானே அங்கே வருவார்கள்! புதுக் கண்ணாடி போட்டதும் சிலருக்குக் காலருக்கு மேலே தலை இல்லாதது தெரிந்தது. பார்வை பழக நாலு நாள் ஆகும் என்று முதலாளி அனுப்பிவிடுவார். எதிர்த்துப் பேசாத ஆளை எந்த முதலாளி விடுவார்?

விடுப்பு முடிந்து அவள் வந்தபோது சாயம் போன நைட்டி, தோளில் பால்கறை, பால் பாக்கெட் ரப்பர் பேண்டில் கொண்டை. புருஷனுக்கு நாள் முழுக்க டியூட்டி என்பதால் இடுப்பில் குழந்தை.

"வாங்கம்மா, கண் டெஸ்டா?" என்றார் முதலாளி.

"சார், நான்தான் சார்!"

"அவங்க அதோ இருக்காங்களே."

ஸ்டூலில் கோட்டு உட்கார்ந்திருந்தது. அவள் எதிரிலிருந்த நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். முதலாளியைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வேலையும் போச்சு, நானும் போச்சு என்று அழுகை முட்டியது.

அப்போது குண்டு மூக்குக்காரர் ஒருவர் வட்டச் சட்டம் ஒன்றை மாட்டிக்கொண்டு, "எடுப்பா இருக்கா?" என்று கோட்டைக் கேட்டார். கோட்டு எல்லாருக்கும் செய்வதுபோல இரண்டு கைகளையும் தட்டியது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ, கழட்டுங்கண்ணே! ஆந்தை மாதிரி இருக்கீங்க." கீழ் இழுப்பறையிலிருந்து மெல்லிய பழுப்புச் சட்டம் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டாள். மனிதர் கண்ணாடி முன்னாலிருந்து நகர மாட்டேனென்றார்.

கோட்டு எழுந்து வந்து, அவள் முதுகுப்பக்கம் தன்னை விரித்துக்கொண்டு நின்றது. அவள் கை நுழைத்தாள். குழந்தையைக் கீழே விட இடமில்லை, அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. கோட்டு கொஞ்சம் அகன்று கொடுத்தது. இரண்டாம் பட்டனுக்குக் கீழே இன்னொரு காலர் முளைத்தது. அதன் வழியே குழந்தை தலையை நீட்டிக் கொஞ்சம் பால் கக்கியது. கோட்டே கையை மடக்கித் துடைத்துக்கொண்டது.

"ரெண்டு தலை இருந்தாலும் சம்பளம் ஒண்ணுதான்" என்றார் முதலாளி.

"சரி சார். ஆனா மத்தியானம் ரெண்டு பேரும் தூங்குவோம்."

சாயங்காலம் அவள் ஏறின பஸ்ஸை வரிபோட்ட கால்சட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. புருஷன் பக்கத்தில் நின்று, தன்னை அதற்குள்ளே விடச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"முதல்ல மன்னிப்புக் கேளுங்க" என்றாள்.

கேட்டார். கால்சட்டை அடுத்த நிறுத்தத்தில் அவரை ஏற்றிக்கொண்டது. பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.