செத்தவனுக்குக் கீழே ஒரு பெயர்

கூலிம் வட்டாரத் தோட்ட ஆபீசில் புதுக் கணினி வந்து உட்கார்ந்த நாள் முதல் கணக்கெழுதும் கிராணி ஹெர்பர்ட்டுக்கு அதைக் கண்டாலே வெறுப்புதான். பழையதில் ஆளுக்கொரு பதிவு. ஒருவர் இறந்தால் அந்தப் பதிவை எடுத்துவிடுவார், காரியம் முடிந்தது. புதியது மரத்தைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி. மேலே குடும்பத் தலைவர், அவருக்குக் கீழே பெண்டாட்டி, பிள்ளைகள், வேலை, வீடு. இதுதான் நவீனம் என்று கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து வந்த பரஞ்சோதி பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தான்.

கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த குழந்தைவேலு செத்த தகவல் வந்தது. ஹெர்பர்ட் கைப்பழக்கத்தில் அவன் பெயரை எடுத்தார். நிச்சயமா என்று கணினி கேட்டது. நிச்சயம் என்று தட்டினார். கருமாதி முடிந்து, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போன அவன் பெண்டாட்டி மருதம்மாளை, உன் பேரே இல்லையே என்று வேலை மேய்க்கும் மண்டோர் திருப்பி அனுப்பிவிட்டார். புருஷன் பெயரை எடுத்ததும் அவனுக்குக் கீழே இருந்த அவளும் கணினியிலிருந்து போயிருந்தாள், அவள் வெட்டும் மர நிரையும் குடியிருக்கும் லயத்து வீடும் போயிருந்தன. வீட்டுக்கு வேறு ஆள் வரப்போவதாகவும் சொன்னார்களாம்.

பஸ் பிடித்து அவள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். திரையைப் பார்த்தபோதுதான் தான் செய்த வேலை ஹெர்பர்ட்டுக்கு உறைத்தது. பரஞ்சோதிக்குப் போன் போட்டார்.

பொம்பளையைத் தலைவராகப் போட மேலிட அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும் என்றான் பரஞ்சோதி. அதுவரை புருஷனின் தம்பி அம்மாசிக்குக் கீழே போடலாம். இல்லாவிட்டால் செத்தவனையே திரும்ப ஏற்றி, லீவில் இருப்பதாகக் காட்டலாம்.

"எல்லாத் தோட்டத்திலயும் அப்படித்தான் செய்றாங்க அண்ணே. சிஸ்டம் அப்படி லா."

ஹெர்பர்ட் போனை வைத்தார். இதை அவளிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? சொன்னார்.

மருதம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அம்மாசி காரியத்தன்னிக்கே வந்து கதவத் தட்டுனான், கிராணியாரே. அவனுக்குக் கீழயா? எம் புருஷன் இருந்த வரைக்கும் குடிச்சிட்டு வந்து மிதிச்சாரு. செத்தும் அவரேதான் எனக்குத் தலைவரா?"

ஹெர்பர்ட் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். தலைவர் என்ற கட்டத்தில் மருதம்மாள் என்று தட்டி, கீழே அவள் நிரையையும் வீட்டையும் ஏற்றினார். கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கிக்கொண்டது. அனுமதி, சட்டம் என்று அதற்குள் ஒரு மண்ணும் இல்லை. இத்தனை நாளும் அந்தப் பெட்டியைக் கண்டு வந்த வெறுப்பு இப்போது ஆட்களைப் பார்த்துத் திரும்பியது.

திரும்பவும் பரஞ்சோதியைக் கூப்பிட்டு, மருதம்மாளைத் தலைவராகப் போட்டுவிட்டதைச் சொன்னார். உடனே எடுத்துவிடுங்கள் என்று பரஞ்சோதி பதறினான்.

"வேணும்னா நீ கூலிமுக்கு வந்து, அந்தம்மா முன்னால உக்காந்து எடு தம்பி. என் கையால எடுக்க மாட்டேன்."

நாளைக்குப் பிரட்டில் பெயர் கூப்பிடுவார்கள், போங்கம்மா என்று அவளை அனுப்பிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பெட்டி வந்த பிறகு தோட்டங்களில் வேறு ஆண்களும் செத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நிச்சயம் என்று தட்டியது இதே விரல்தான். எடுக்கப்பட்டவர்களில் முதல் ஆளையும், அவனோடு சேர்ந்து போயிருந்த பெண்டாட்டியின் பெயரையும் திரையில் வரவழைத்தார்.