வீடியோ முடிந்ததும் வந்த மாங்காய்

முதலமடைக் குடோனில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எதிரிலேயே மணிகண்டன் தன் போனை மோனிஷாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் கணவனின் அண்ணன் அவர். மாம்பழ வியாபாரம் முழுக்க அவர் பேச்சுப்படிதான்; அதன் வெப்சைட்டை மட்டும் மோனிஷா பார்த்துக்கொண்டாள்.

"இதென்ன அம்மிணி? நம்ம வெப்சைட்டுல நம்ம வீடியோ முடிஞ்சதும் உங்கண்ணன் மாங்கா வருது?"

திரையில், தனியே மாம்பழ வியாபாரம் செய்யும் அவள் அண்ணன் ரமேஷ்குமார் செந்தூர மாம்பழத்தை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். டெல்லி வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அவனிடமே சரக்குப் பேசி முடித்துவிட்டாராம்.

"அத நாம போடறதில்லீங்க மாமா. ஓசித் தளத்துல வெச்சா மத்தவங்க வீடியோவையும் அவங்களாவே காட்டுவாங்க. அன்னைக்கே சொன்னனுங்களே."

சொல்லித்தான் இருந்தாள். மா பூத்திருந்த சமயம், ஒரே வீடியோவை மூன்று விதமாக வைத்து அவருக்கு ஓட்டிக் காட்டினாள். இலவசத் தளத்தில் எந்தப் போனிலும் சட்டென்று ஓடியது. விளம்பரமும் அயலார் வீடியோவும் ஒட்டிக்கொண்டு வந்தன. நேராக வெப்சைட்டிலேயே ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் நின்று நின்று சுற்றியது. சந்தா கட்டும் தளத்தில் இரண்டு தொல்லையும் இல்லை. "ஊரே ஓசியில வெக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்று முடித்தவர் அவர்தான்.

"பொறந்த ஊட்டுக்கு வாய்க்கா வெட்டி உட்டிருக்கற," என்றார் இப்போது.

அவள் கணவன் மாரீஸ்வரன் எடை மெஷினை விட்டு நிமிரவே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

அன்று மதியமே எல்லாவற்றையும் சந்தா தளத்துக்கு மாற்றினாள். தங்கள் வெப்சைட்டைத் தவிர வேறெங்கும் ஓடாதபடி பூட்டும் போட்டாள். அதை மணிகண்டனிடம் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் வீடியோவின் லிங்கை மட்டும் வாட்ஸ்அப்பில் வியாபாரிகளுக்கு அனுப்பினார். யாருக்கும் ஓடவில்லை.

"மொதல்ல அண்ணனக் காட்டுன. இப்ப நம்மளயே மறைச்சுட்டயா?"

"வெப்சைட் லிங்க அனுப்புங்க, ஓடும்." மாமா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

"பாஸ்வேர்டக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ. இனி குடோன் பக்கம் வராத."

கொடுத்துவிட்டு நடந்தாள்.

சாயங்காலம் மாரீஸ்வரன், "அண்ணன் கோவத்துல சொல்லிட்டாரு, உடு," என்றான்.

"அவரு கோவத்துலயாவது பேசுனாரு. நீங்க வாயே தொறக்கலயே."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மணிகண்டன் கூப்பிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆள் வந்து எல்லா வீடியோவையும் பழையபடி இலவசத் தளத்துக்கே மாற்றினான். அடுத்த வாரம் ரமேஷ்குமார் தன் வெப்சைட் வேலைக்குக் கூப்பிட்டபோது, மோனிஷா வீட்டில் யாரையும் கேட்காமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.