தாடைக்குக் கீழே

ஸ்டுடியோக்காரருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர் வைத்தவர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். சும்மா வைக்கவில்லை. பால் பாக்கெட்டில் தேதியைப் படித்த பிறகு, அச்சு அழிகிறதா என்று கட்டைவிரலால் தேய்த்தும் பார்க்கிற மனிதர் இவர். யாராவது காரணமில்லாமல் சிரித்துவிட்டுப் போனால், அவன் எதற்குச் சிரித்தான் என்று அரை மணி நேரம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார். முப்பது வருஷமாக அடுத்தவர் முகத்தைத் திரையில் பெரிதாக்கி, பருவையும் தழும்பையும் துடைத்துக் கொடுக்கிற தொழில். எல்லாவற்றையும் பெரிதாக்கியே பார்த்துப் பழகின கண்ணுக்குச் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும்?

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போய், மனைவியின் கைப்பையில் மூன்று விளம்பரத் தாள்களைக் கண்டுபிடித்தார். ஒன்று, கொழுப்பைக் குளிரால் உறைய வைத்துக் குறைக்கலாம் என்றது. இன்னொன்று, ஊசி போட்டுக் கரைக்கலாம் என்றது. மூன்றாவது, சின்னதாக ஒரு துளை போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றது. மூன்றாவது தாளின் பின்பக்கத்தில் மனைவியின் கையெழுத்தில் கட்டம் போட்டிருந்தது. எத்தனை தடவை போக வேண்டும், எவ்வளவு வலிக்கும், வீக்கம் எத்தனை நாளில் வடியும், மறுபடியும் வருமா. கடைசிக் கட்டத்தில் மட்டும் மூன்றுக்கும் கேள்விக்குறி.

“இது என்னம்மா?”

“பார்த்தா தெரியல? டபுள் சின்னுக்கு. தாடைக்குக் கீழ தொங்கற சதைக்கு.”

“யாருக்கு?”

“எதிர் வீட்டுக்காரிக்கு. கேள்வியப் பாரு! எனக்குத்தாங்க.”

“உனக்கு எங்க இருக்கு? ஒண்ணுமே இல்லையே.”

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார். எப்போது கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான்.

மனைவி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அங்கே கேமரா மாட்டி, அதன் திரையை அவளுக்கு எதிரிலேயே வைத்துவிட்டார்கள். “கண்ணாடியில நேரா பார்த்தே காலம் போயிடுச்சு. இப்ப தினமும் எட்டு மணி நேரம் பக்கவாட்டுல பார்க்கறேன். கழுத்துன்னு ஒண்ணு எங்க போச்சுன்னே தெரியல” என்றாள்.

நம்புகிற விஷயமா இது? நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று கழுத்து ஞாபகம் வருவானேன்? கவுண்டருக்குப் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்திருப்பதாக எப்போதோ அவள் சொன்னது பூதக்கண்ணாடிக்குள் யானை அளவு பெரிதாகிவிட்டது. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனார். மேற்பார்வையாளர் ஒரு பெண்மணி, இன்னும் நாலு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். அவரே நேரில் வந்து, “எங்க போகணும் சார்?” என்று கேட்டுவிட்டதால், போக வேண்டிய அவசியமே இல்லாத ஓர் ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மனைவியைச் சந்தேகிக்க வழியில்லை என்று ஆனதும் வைத்தியர்களைச் சந்தேகிக்கக் கிளம்பினார். “நானும் வர்றேன். உன்ன ஏமாத்திடுவாங்க” என்றார். மனைவிக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கூட வருகிறாரே.

முதல் இடத்தில் குளிர் வைத்தியம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாசனை அடித்தது. அங்கிருந்த பெண் ஓர் ஆல்பத்தைத் திறந்து, சிகிச்சைக்கு முன்பு, சிகிச்சைக்குப் பின்பு என்று படங்களைக் காட்டினாள். ஸ்டுடியோக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

“இந்த முதல் படத்துல லைட்டு தலைக்கு மேல இருக்கு. இதுல முகத்துக்குக் கீழ இருக்கு. கீழருந்து அடிச்சா நிழல் எங்கம்மா விழும்? இவங்களை முதல்ல தாடையை உள்ள இழுக்கச் சொல்லியிருக்கீங்க. அப்புறம் முன்னால நீட்டச் சொல்லியிருக்கீங்க. இதுக்கு எதுக்கு மெஷின்? நானே செஞ்சு தருவேனே!”

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவள் வரவேயில்லை.

இரண்டாவது இடத்தில் ஊசி. இங்கே ஆல்பம் கிடையாது, சுவர் அளவுக்குத் திரை. ஸ்டுடியோக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். முன்பு எடுத்த படத்திலும் பின்பு எடுத்த படத்திலும் அந்த அம்மாளின் காதோரத்தில் ஒரே முடி, ஒரே வளைவில் பறந்துகொண்டிருந்தது. “மூணு மாசம் கழிச்சு எடுத்தீங்களா? அந்த முடி மூணு மாசமா அசையாம இருந்துச்சா? ஒரே படத்தைத் துடைச்சு வெச்சிருக்கீங்க” என்றார். பாம்பின் கால் பாம்பறியும். மனைவி அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். தெருவுக்கு வந்ததும் அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மூன்றாவது இடத்தில் சிரிப்பு நின்றது.

அங்கே படமே இல்லை. மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு படுக்கை, நரைத்த மீசையோடு ஒரு டாக்டர். படம் காட்டாதவன் பெரிய கில்லாடியாக இருப்பான் என்று ஸ்டுடியோக்காரர் முடிவு கட்டிக்கொண்டார். டாக்டர் கட்டம் போட்ட தாளை வாங்கிப் படித்தார், கடைசிக் கேள்விக்குறிகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மனைவியின் பின்னால் போய் நின்று இரண்டு கை விரல்களாலும் கழுத்தைத் தடவினார். தடவிக்கொண்டே வந்த விரல்கள் இடது பக்கம் ஓர் இடத்தில் நின்றன. ஒரு தம்ளரில் தண்ணீர் கொடுத்தார்.

“ஒரு வாய் முழுங்குங்கம்மா. இன்னொரு தடவை.”

முழுங்கும்போது கழுத்தில் ஏதோ மேலே ஏறி இறங்கியது.

“தாடைக்குக் கீழ இருக்கறது வெறும் கொழுப்பு. அதை எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போயிடாது. ஆனா அதுக்கும் கீழ, இந்த இடது பக்கம் இருக்கறது கொழுப்பு இல்ல. தைராய்டுல கட்டி மாதிரி இருக்கு. எத்தனை நாளா இருக்கு?”

“தெரியலையே டாக்டர். நான் எல்லாமே சதைன்னு நினைச்சேன்.”

“ஸ்கேன் எடுக்கணும், ஊசி போட்டு டெஸ்ட் பண்ணணும். அதுக்குன்னு இருக்கற டாக்டருக்கு எழுதித் தர்றேன். இது பல வருஷமா மெதுவா வளர்ந்திருந்தா கொஞ்சம் மூச்சு விடலாம். திடீர்னு வளர்ந்திருந்தா நாளைக்கே போய் நிக்கணும். பழைய போட்டோ இருந்தா எடுத்துப் பாருங்க. எந்த வருஷத்துல கழுத்து மாறுதுன்னு தெரியும்.”

“போட்டோவுக்கா பஞ்சம்? இவர் ஸ்டுடியோதான் வெச்சிருக்கார்” என்றாள் மனைவி. குரல் மட்டும் அவளுடையதாக இல்லை.

படியிறங்கும்போது ஸ்டுடியோக்காரர் பொரிந்து தள்ளினார். “கொழுப்புன்னு சொன்னா சின்ன வியாபாரம். கட்டின்னு பயமுறுத்தினா பெரிய வியாபாரம். வேற டாக்டருக்கு எழுதித் தர்றானாம்! அந்த டாக்டர் இவனுக்கு மாமனோ மச்சானோ, யார் கண்டா? இப்பவே வா. இருபது வருஷத்து போட்டோவை எடுத்துக் காட்டறேன். உன் கழுத்துல எந்தக் கட்டியும் இல்லைன்னு அவன் முகத்துலயே அடிச்ச மாதிரி காட்டறேன்.”

அவள் வழியெல்லாம் கழுத்தின் இடது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டே வந்தாள். அவருடைய கோபம் முழுக்கப் பயம்தான். அது அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

மத்தியான நேரம், ஸ்டுடியோவில் யாரும் இல்லை. ஸ்டுடியோக்காரர் கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘வீடு’ என்று ஒரு தொகுப்பு. வருஷம் தவறாமல் கல்யாண நாளன்று அவளை அதே ஸ்டூலில், அதே வெளிச்சத்தில், முகத்தை லேசாகத் திருப்பி உட்கார வைத்து ஒரு படம் எடுப்பார். மற்றபடி வீட்டு விசேஷங்களிலும் கேமரா அவர் கையில்தான். அவர் நிற்கிற இடத்தில் சொந்தக்காரர்கள் போனைத் தூக்கவே கூச்சப்படுவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் கல்யாண நாளில் எடுத்த போன வருஷப் படம் திரையில் விரிந்தது. தாடைக்குக் கீழே நிழல் இல்லை, மடிப்பு இல்லை. கழுத்து வழுவழுவென்று கழுத்தணி விளம்பரத்தில் வருவது போல இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வாடிக்கையாளர் படமென்றால் அசலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டுதான் கை வைப்பார். வீட்டுப் படங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. பெண்டாட்டியின் குறையைப் பத்திரப்படுத்தி என்ன ஆகப் போகிறது என்று அசலின் மேலேயே திருத்திச் சேமித்துவிடுவார். பிறகு அதைத்தான் பிரேம் போட்டு மாட்டுவார், அதைத்தான் பார்ப்பார். பார்த்துப் பார்த்து அதையே அவரும் நம்பிவிட்டார்.

அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். அவர் கையிலிருந்த மவுஸைத் தானே வாங்கி, ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் போனாள். எல்லாக் கழுத்தும் ஒரே கழுத்து.

“போன வருஷம் இல்ல” என்றாள். “என்னங்க, போன வருஷம் இல்லைங்க! அப்படின்னா இந்த எட்டு மாசத்துலதான் வந்திருக்கு. திடீர்னு வளர்ந்திருந்தா நாளைக்கேன்னு சொன்னாரே. நாளைக்கு எதுக்கு, இன்னைக்கே போயிடலாம். பொண்ணுக்கு இப்ப சொல்லாதீங்க, அவ பரீட்சை முடியட்டும். முடியற வரைக்கும் நான் நல்லா இருந்துடுவேன் இல்ல?”

அவர் நினைத்துப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்தாலும் ஸ்கேன் எடுக்கத்தான் போகிறார்கள், டெஸ்ட் நடக்கத்தான் போகிறது. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் அவள் இப்படிப் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? டாக்டரிடம் போய் எட்டு மாதக் கணக்கை அவள் சத்தியமாகச் சொல்வாளே?

“இருந்துச்சு” என்றார்.

“என்ன இருந்துச்சு?”

“போன வருஷமும் இருந்துச்சு. அதுக்கு முன்னாலயும் இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் திரையில் ஆறு வருஷத்துக்கு முந்தைய படத்துக்குப் போய், கழுத்தின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். “இதுலதான் முதல்ல பார்த்தேன். லேசா ஒரு மேடு. லைட்டு சரியில்லைன்னு நினைச்சுத் துடைச்சேன். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். சதை போட்டிருக்குன்னு நினைச்சேன். அப்புறம் யோசிக்கறதே இல்ல. தாடையில ஆரம்பிச்சா கை தானா அது வரைக்கும் போயிடும்.”

“ஆறு வருஷமா பார்த்திருக்கீங்க.”

“பார்த்தேன்.”

“நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், கழுத்து ஒரு மாதிரி இருக்கான்னு. ஒண்ணுமே இல்லைன்னீங்களே.”

“நீ வருத்தப்படுவியேன்னுதாம்மா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரமாகப் பேசினார்: “ஆனா ஒரு விதத்துல நல்லதுதானே? பல வருஷமா இருந்தா மூச்சு விடலாம்னு டாக்டரே சொன்னார். மெதுவாத்தான் வளர்ந்திருக்கு. ஆறு வருஷம்! பயப்பட ஒண்ணுமே இல்ல.”

சொன்ன பிறகுதான், மறுபடியும் அதே ‘ஒண்ணுமே இல்ல’தான் சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது.

“நிஜமாவே ஆறு வருஷமா?” என்று அவள் நிதானமாகக் கேட்டாள். “இல்ல, நான் பயப்படறேன்னு இப்ப சொல்றீங்களா?”

“சத்தியமா ஆறு வருஷம்.”

“எதை வெச்சு நம்பறது?”

திரையைக் காட்ட முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் பிரேமைக் காட்ட முடியாது. ஊரிலுள்ள படங்களில் எல்லாம் பொய் கண்டுபிடித்த மனிதரிடம், தன் வார்த்தைக்குச் சாட்சியாகக் காட்ட ஒரே ஒரு படம்கூட இல்லை.

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒண்ணும் அவசரம் இல்ல, சும்மாதான். உங்க வீட்டுல என் போட்டோ ஏதாவது இருந்தா தேடி அனுப்பேன். மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, ஓரத்துல நின்னுட்டிருந்தாலும் பரவாயில்ல” என்றவள், கணவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரர் எடுக்காததா இருக்கணும்.”