நம்மாண்ட

நான் தமிழ் டீச்சர். சேலையூரில் பிள்ளைகள் 'வூடு' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்து 'வீடு' என்று திருத்துகிறவள். ஆனால் நான் பிறந்து வளர்ந்த பேச்சே அதுதான். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் அது வெளியே வரும்.

கிறிஸ்துமஸுக்குச் சபையில் புதுப் பாட்டு கேட்டிருந்தார்கள். ஒரே மூச்சில் எழுதினேன்: "நம்மாண்ட கீறாரு, நம் ஆண்டவரு." நம் பக்கத்தில் இருப்பவரும் அவர்தான், நம்மை ஆள்பவரும் அவர்தான். ஒரே சத்தத்தில் ரெண்டும் வந்து விழுந்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. சபை மொத்தமும் இதைப் பாடி ஒருதரம் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதலில் ஞானஜோதி அக்காவிடம் காட்டினேன். பாடகர் குழுவை நடத்துகிறவர். பதினைந்து வருஷப் பழக்கம். என் கல்யாணத்தில் பாடியவர்.

"ஐயோ எப்சி, ஆல்டர் முன்னாடி நின்னு 'கீறாரு'ன்னா பாடுவாங்க? ஐயர் மூஞ்சியைச் சுளிப்பாரு. டீசன்டா மாத்தும்மா."

ஐயர் என்றால் எங்கள் போதகர். அவருக்குப் பிடிக்க வேண்டுமே! அக்கா எதிரிலேயே சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். அடித்த தாளை, "குடு, நான் குப்பைல போட்டுடறேன்" என்று அக்கா வாங்கிக்கொண்டார். வேறு தாளில் "நம்மோடு இருக்கிறார் நம் தேவன்" என்று எழுதி ஐயரிடம் கொடுத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷா வருஷம் கேக்கறதுதானேம்மா" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பண்டிகைக் காலை ஆராதனையில் பாட்டுத் தாள் கைக்கு வந்தது. 'நம்மாண்ட கீறாரு, நம் ஆண்டவரு. இயற்றியவர்: ஞானஜோதி.' சபையே கைதட்டிப் பாடியது. ஐயர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பாடச் சொன்னார். என் பேர் எங்காவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பாவி, பதினைந்து வருஷம்!

வெளியே வந்ததும் மடக்கினேன். "அக்கா, அது என் பாட்டு."

"நீதானே வேணாம்னு அடிச்சே எப்சி? உன் கையாலதானே அடிச்சே?" என்று சொல்லித் தன் தட்டிலிருந்து ஒரு கேக் துண்டை என் கையில் வைத்தார். "கோச்சுக்காதம்மா. அடுத்த பாட்டு எழுதினா மொதல்ல எங்கிட்ட கொண்டா. பாத்துச் சொல்றேன்."

என் கையால்தான் அடித்தேன். அது பொய்யில்லை, அதனால்தான் அப்படிச் சுட்டது.

கேக்கை அவர் தட்டிலேயே திருப்பி வைத்தேன். சபை வாசலில், அத்தனை பேர் நடுவில், அம்மாவோடு மட்டும் பேசுகிற பேச்சு என் வாயில் வந்தது.

"உன்னாண்ட நான் இன்னாத்துக்குக் காட்டணும்?"