உதயா பேரில் ஒரு கனெக்‌ஷன்

கல்யாணமாகிப் பொழிச்சலூருக்கு வந்ததிலிருந்து உதயாவுக்கு மாடி வீட்டில்தான் குடித்தனம். கீழ் வீட்டில் மாமியார் செல்லியம்மாள். கணவன் தினகரனுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து போவான். உதயா வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். பகலெல்லாம் லேப்டாப்பும் ஹெட்போனும்தான். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும் மைக்கை அணைத்துக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வேதா வந்தாள். ஊரப்பாக்கத்தில் இருப்பவள், கல்லூரியில் கூடப் படித்தவள். அவள் புருஷனை விட்டுப் பிரிந்த பிறகு தினகரனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அந்த சகவாசம் வேண்டாம் என்று உதயாவிடம் நேராகவே சொல்லியிருந்தான். அதனால் அவள் வருவதை உதயா அவனிடம் சொல்லவில்லை. வந்ததும் தன் போனை வீட்டு வைஃபையில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டு, வெகுநாள் கதையெல்லாம் பேசி முடித்தார்கள். வெயில் தாழ்ந்ததும் வேதா ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

சாயங்காலம் தினகரன் கூப்பிட்டான். சாப்பிட்டாயா, அம்மா மாத்திரை போட்டார்களா என்று வழக்கமான கேள்விகள். பிறகு அதே குரலில், "மத்தியானம் யாராவது வந்தாங்களா?" என்றான்.

"யாரும் வரலையே."

"'வேதா போன்'னு ஒண்ணு நம்ம நெட்ல ரொம்ப நேரம் ஓடிட்டிருந்துச்சே, அது யாருது?"

"அது வந்துங்க..." என்று இழுத்தாள் உதயா.

"பொய் வேற சொல்ற," என்று சொல்லி வைத்துவிட்டான். குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலை வேலைக்கு நடுவில் இன்டர்நெட் நின்றுபோனது. டீம் லீடர் போனில் கூப்பிட்டு, "அடிக்கடி இப்படி ஆகுதே உதயா, இனிமே ஆபீசுக்கே வந்துடுறீங்களா?" என்று கேட்டார். உதயா கேபிள்காரர் ஜெரோமுக்குப் போன் போட்டாள். இதற்கு முன்பும் பல தடவை அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் பம்மலிலிருந்து வந்து சேர்வதற்குள் நெட் தானாக வந்துவிடும். இந்தத் தடவை வரவில்லை.

ஜெரோம் தன் போனை அவள் வைஃபையில் இணைத்துப் பார்த்தார். "லைன் நல்லாத்தான் கீதுக்கா. என் போன்ல ஓடுது பாருங்க." பிறகு அவள் லேப்டாப்பில் ஒரு பக்கத்தைத் திறந்தார். இந்தக் கருவிக்கான இணைப்பை நிர்வாகி நிறுத்தியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது.

"நிர்வாகின்னா யாரு ஜெரோம்?"

அவர் தரையைப் பார்த்தார். "அண்ணன்தான்க்கா. ரவுட்டர் மாட்டச்சொல்லோ அவர் போன்லதான் ஆப் ஏத்திக் குடுத்தேன். எங்க இருந்தாலும் யாரு கனெக்ட் ஆகிகினு இருக்காங்கன்னு பாக்கலாம். வேணான்னா நிறுத்தலாம்."

முன்பு நெட் போன நாட்கள் ஒவ்வொன்றாக உதயாவுக்கு ஞாபகம் வந்தன. அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்ட அன்றைக்கு நெட் போனது. அவள் மீட்டிங்கில் இருந்ததால் அவன் அழைப்பை எடுக்காமல் விட்ட அன்றைக்கும் போனது. அத்தனை தடவையும் மழையைத் திட்டினாள், கேபிளைத் திட்டினாள்.

"இதை அழிச்சிட்டுப் புதுசா செட் பண்ணித் தர முடியுமா?"

"ரீசெட் பண்ணா கனெக்‌ஷனோட யூசர் ஐடி, பாஸ்வேர்டு மறுபடி போடணும்க்கா. எல்லாம் அண்ணன் பேர்ல கீது. ஓடிபி அவருக்குத்தான் போவும்."

"அப்ப என் பேர்ல ஒரு கனெக்‌ஷன் குடுங்க."

ஜெரோம் தயங்கினார். "அண்ணன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

அன்றைக்குப் போன் டேட்டாவை வைத்து எப்படியோ ஒப்பேற்றினாள். மறுநாள் ஜெரோம் புது ரவுட்டரோடு வந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தார். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த இணைய முகவரியை உதயாவே லேப்டாப்பில் அடித்தாள். அட்மின் பாஸ்வேர்டை மாற்றும் கட்டம் வந்ததும் ஜெரோம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டே போனாள். வெளியூரிலிருந்து உள்ளே நுழைய விடும் அமைப்பு எது என்று கேட்டு, அது அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஒயரைப் பார்த்துவிட்டு செல்லியம்மாள் முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்தாள். "இன்னாத்துக்கு இன்னொரு ஒயரு? தினாவைக் கேட்டியா?"

உதயா எதையும் மறைக்காமல் சொன்னாள். வேதா வந்ததையும் சொன்னாள். திட்டு விழும் என்றுதான் நினைத்தாள். செல்லியம்மாள் குனிந்து ரவுட்டரைப் பார்த்தாள்.

"என் போனும் அவனுக்குத் தெரியுமா?"

"எப்ப நெட்ல இருக்கு, எப்ப இல்லன்னு தெரியும் அத்தை."

"அதான் மத்தியானத்துல தூங்காம இன்னா பண்ணன்னு கேட்டானா," என்றாள் செல்லியம்மாள். போனை எடுத்து நீட்டினாள். "இத்தையும் உன்னுதுல போட்டுடு."

சனிக்கிழமை காலை தினகரன் வந்தான். காபி குடித்துக்கொண்டே போனைப் பார்த்தவன், "என்ன, புதுசா ரெண்டு நெட்டு காட்டுது?" என்றான்.

"என் பேர்ல ஒரு கனெக்‌ஷன் வாங்கியிருக்கேன். ஒண்ணு எனக்கும் அத்தைக்கும். இன்னொண்ணு வர்றவங்களுக்கு."

"பாஸ்வேர்டு சொல்லு."

"வர்றவங்களுக்கு உள்ளதைச் சொல்றேங்க."

"என் வீட்லயே நான் விருந்தாளியா?"

உதயா டம்ளரைக் கீழே வைத்தாள். "அதுலயும் நெட்டு நல்லாத்தான் வரும். யாரு யாரு இருக்காங்கன்னு மட்டும் தெரியாது."

அவன் எழுந்து கீழே போனான். அம்மாவிடம் நியாயம் கேட்பது மாடி வரைக்கும் கேட்டது. செல்லியம்மாள் அதிகம் பேசவில்லை. "நானும் அவளுதுலதான் கீறேன்," என்றது மட்டும் உதயாவின் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் கிளம்புவது வழக்கம். இந்தத் தடவை ஞாயிறு விடிந்ததும் சாப்பிடாமல்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பெருங்களத்தூருக்கு ஓசூர் பஸ் பிடிக்கப் போய்விட்டான். மத்தியானம் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. உங்கப்பா அம்மாவை வரச் சொல்லு, பேசணும், என்ன விஷயம்னு அவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்.

உதயா அதைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் சொன்னால் எப்படிச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். வேதாவில் ஆரம்பிப்பான், பொய்யில் முடிப்பான். அப்பா யார் பக்கம் பேசுவார் என்றுதான் தெரியவில்லை. இதுநாள் வரை மாப்பிள்ளை சொல்லை அவர் தட்டியதில்லை.

நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றாள். "நான் முடிக்கிற வரைக்கும் நடுவுல எதுவும் கேக்காதீங்க."