சுருட்டிய துண்டு

இடது தோள் வலித்தது. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் மூட்டுக்குள் யாரோ திருப்புளியை விட்டுத் திருகுகிற வலி. இருபத்தேழு வருஷம் ஒரே தோளில் கேஸ் சிலிண்டர் சுமந்தால் தோள்தான் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு முன் சுமையை வலது பக்கம் மாற்றினேன். பழகாத தோளை இரும்பு விளிம்பு அறுத்தது. துண்டை இறுக்கிச் சுருட்டித் தாடைக்குக் கீழே, கழுத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் திணித்துக்கொண்டேன். நானே கண்டுபிடித்த வைத்தியம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மயக்கம் வேறு கதை என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் கிடங்கு வாசலில் விழுந்தேன். அப்புறம் ஒரு வீட்டுச் சமையலறை நிலைப்படியில். தலைசுற்றல், வியர்வை ஒன்றும் கிடையாது. விளக்கை அணைத்தது போல இருக்கும். கண் திறந்தால் மேலே நாலு முகம்.

"காலையிலயே ஏத்திட்டு வந்துட்டியா?" என்றார்கள் கிடங்கில். நான் தொடுகிற ஆள் இல்லை என்று தெரிந்தவர்களும் வாயை மோந்து பார்த்தார்கள். ஒரு டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் கொடுத்தார். இன்னொருவர் வலிப்பு என்று மாத்திரை எழுதினார். அதைப் போட்டால் வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தேன். என் வீட்டுக்காரி குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டாள். நான் குளிக்கும்போது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியிலிருந்து குரல் வரும்.

"இருக்கீங்களா?"

"இல்ல, போயிட்டேன்."

அவள் சிரிக்கமாட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். பழைய சீட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "விழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள்.

"வேலைதான் டாக்டரம்மா."

"எப்படின்னு செஞ்சு காட்டுங்க."

மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. நேராக அதனிடம் போனேன்.

"ஐயோ, அதத் தொடாதீங்க!" நர்ஸ் அலறிக்கொண்டு குறுக்கே வந்தாள். கட்டிலிலிருந்து ஒரு தலையணையைக் கொடுத்தார்கள். பஞ்சை யாராவது இப்படிச் சுமப்பார்களா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் கைக்கு வெட்கம் தெரியாது. இடுப்புத் துண்டை உருவி, சுருட்டி, தாடைக்குக் கீழே திணித்து, தலையணையைத் தோளில் ஏற்றிக் கழுத்தைச் சாய்த்தேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் குழாய் வைத்துக் கேட்டாள். பிறகு வலது தாடைக்குக் கீழே இரண்டு விரலை அழுத்தித் தேய்த்தாள். டிக் டிக் என்று கத்திக்கொண்டிருந்த மெஷின் வாயை மூடிக்கொண்டது. அதே இருட்டு. நினைவு திரும்பியபோது என் பாதத்தை வீட்டுக்காரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

டாக்டர் காகிதத்தைக் காட்டினாள். மேடும் பள்ளமுமாக ஓடிய கோடு, நடுவில் ஒரு ஜாண் நீளத்துக்கு மொட்டையாகக் கிடந்தது.

"நாலரை செகண்ட் உங்க இதயம் துடிக்கல. பயப்படாதீங்க ஐயா, இதயம் நல்லாத்தான் இருக்கு. கழுத்துல இந்த இடம் ரத்த அழுத்தத்தைப் பாத்து இதயத்துக்குத் தகவல் சொல்ற இடம். வயசானா சிலருக்கு இது ரொம்ப உஷாராயிடும். தொட்டாலே 'நிறுத்து'ன்னு சொல்லிடும். நீங்க துண்டைத் திணிச்சுத் தினமும் அங்கதான் அழுத்தியிருக்கீங்க."

"அப்ப வலிப்பு?"

"வலிப்பே இல்ல. அந்த மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திடலாம். இனிமே தோள்ல சுமக்காதீங்க, தள்ளுவண்டில தள்ளுங்க. அப்படியும் மயக்கம் வந்தா நெஞ்சுல சின்னதா ஒரு கருவி வைக்கலாம்."

கிடங்கில் தள்ளுவண்டி இருக்கிறது. வேலை இருக்கிறது. நான் இருக்கிறேன். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. வீட்டுக்காரி துண்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தச் சனியனையா நான் தொவச்சுத் தொவச்சுக் குடுத்தேன்?" என்று சிரித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டாள். "மொத்தம் எத்தன தடவ விழுந்தாரு?"

"ரெண்டு" என்றாள் வீட்டுக்காரி.

"மூணு" என்றேன் நான்.

பொய்க்கு இனி வேலை இல்லை என்பதாலோ என்னவோ, அது தானாக வந்துவிட்டது. வீட்டுக்காரி மெதுவாகத் திரும்பினாள்.

"மூணாவது எப்ப?"

"மாடிப்படில."

அவளுக்கு விளங்கிவிட்டது. அன்று மாடிப்படித் திருப்பத்தில் சிலிண்டரைத் தூக்கி என் தோளில் வைத்தவன் நெட்டை. பதினோரு வருஷமாக என்னோடு ஜோடி சேர்ந்து சுமந்தவன். வைத்ததும் நான் சரிந்தேன். சிலிண்டர் அவன் பாதத்தில் விழுந்து இரண்டு விரலை நசுக்கியது. மயக்கம் என்று தெரிந்தால் வேலை போய்விடும். "தோள்ல சரியா உக்கார்றதுக்கு முன்னாடியே கைய விட்டுட்டான்" என்று மேலாளரிடம் சொன்னேன். "அவன்தான் தொவண்டு விழுந்தான் சார்" என்று நெட்டை கத்தினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட காலோடு அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

"அப்ப நெட்டை அண்ணன் கைய விடலையா?"

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயில் நன்றாக இருந்தது. வெறும் கழுத்தில் காற்றுப் பட்டது. இத்தனை நாள் அங்கே காற்றுப் பட்டதே இல்லை என்று தோன்றியது. பசித்தது. ஆளுக்கு இரண்டு பன் வாங்கி, நின்றுகொண்டே தின்றோம். ருசியாக இருந்தது.

"தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டிடலாம்" என்றாள். துண்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவர் வீட்டுக்கு ரெண்டு பேருமா போறமா, நீங்க மட்டும் போறீங்களா?"

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. நெட்டையின் தெரு வழியாகப் போகிற பஸ். நான் கழுத்தைத் தடவிக்கொண்டேன். நெட்டை கையை விடவில்லை, நான்தான் விழுந்தேன் என்று மேலாளர் முன்னால், அவனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்வது இன்னும் பாக்கி.