கறுப்புச் சுறா தோற்க வேண்டிய ஆட்டம்

ஷார்ஜாவில் நடந்த கடைசிச் சண்டையில் இரண்டாவது சுற்றிலேயே மிஹ்லாரின் இடது தோள்மூட்டு விலகிவிட்டது. இடைவேளையில் பயிற்சியாளர் முகத்தைத் துடைத்துவிட்டு, எங்காவது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்து நின்றான். அடுத்த சுற்றில் எதிராளி அதே கையைப் பிடித்து முறுக்கினான். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கை பழையபடி உயரவில்லை. கலப்புச் சண்டைக் கூண்டுக்குள் இனி அவனை இறக்க முடியாது என்று சண்டைகளை நடத்திய நிறுவனம் சொல்லிவிட்டது.

சாய்ந்தமருதுக்கு, மனைவி அப்னாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தான். வந்தவனால் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதுகூட சோற்றுப் பீங்கானைக் கையில் ஏந்திக்கொண்டு வாசல் கேற்றுக்கும் குசினிக்கும் நடந்தான். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் ஓடப் போனால் வெயில் சுட்ட பிறகும் ஓடிக்கொண்டிருந்தான்.

மாமனார் அப்துல் கபூர் பொறுத்துப் பார்த்துவிட்டு, யானைக் காவலுக்கு ஆள் தேவை என்று இறக்காமத்து வயலுக்குக் கூட்டிப்போனார். காவல் குடிலான வாடியில் இருக்கச் சொன்னால் மிஹ்லார் வயல் வரம்பெல்லாம் மிதித்து நடந்தான். ஒரு வாரத்தில் மாமனார் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"மகன், ஆன மிரிச்சத விட நீங்க மிரிச்சது கூட. வரம்பெல்லாம் கரைஞ்சி போச்சு. நீங்க ஊட்ட போங்க."

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்தார். ஊர் ஊராகப் போய்த் தொழில்முறை மல்யுத்தக் காட்சி நடத்துபவர். ஆட்கள் அவரை முதலாளி என்றே அழைத்தார்கள். தமக்கு ஒரு வில்லன் தேவை, ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசியில் அவன் தோற்கவேண்டும் என்றார் அவர்.

"அது நடிப்பு. எனக்கு நடிக்கத் தெரியா," என்று மிஹ்லார் அழைப்பைத் துண்டித்தான். பிறகு முற்றத்தில் நடந்தான். அஸர் தொழுகைக்கு முன்பே அவனாகவே அந்த இலக்கத்துக்கு எடுத்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: முகமூடி வேண்டும். தோற்கிறவன் யார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது. இப்படித்தான் அவன் 'கறுப்புச் சுறா' ஆனான்.

வத்தளையில் ஒரு பழைய களஞ்சியத்தில் பயிற்சி. அவனோடு மோத வேண்டியவன் தம்பிலுவிலைச் சேர்ந்த சுஜிந்தன். கடல் தொழில் செய்யும் குடும்பம், மெலிந்த உடம்பு, பூனைபோலப் பாய்வான். மிஹ்லார் விழப் பழகினான். கயிற்றில் மோதித் திரும்பப் பழகினான். ஆனால் முதல் காட்சிகளில் சனம் கொட்டாவி விட்டது.

"அண்ணன், உங்களுக்கு அடிச்சா தூணுக்கு அடிச்ச மாதிரி கிடக்கு," என்றான் சுஜிந்தன். "நோகுதெண்டு காட்டோணும். முகமூடிக்குள்ள முகம் தெரியா. உடம்பால காட்டுங்க."

"எட்டு வருஷமா அத மறைக்கத்தான் தம்பி பழகினன். கூண்டுக்குள்ள காட்டினா அந்த இடத்துலயே திரும்பவும் அடிப்பானுகள்."

"இஞ்ச நோகுற இடத்த நான் தொடமாட்டன். அதுக்குத்தான் காட்டச் சொல்லிக் கேக்கிற."

மிஹ்லாருக்கு அது விளங்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் பேசும்போது வீங்கிய கண்ணைப் பார்த்து அப்னா நோகுதா என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பான். பிறகு இருவரும் மகள் அம்ஹாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைப்பார்கள்.

காட்சிக் குழு கிழக்குக்கு வந்தது. கல்முனையில் ஒரு மைதானத்தில் மேடை போட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் சனம் நிரம்பியது. பெண்கள் பக்கத்தில் அப்னா இருந்தாள். முன்வரிசையில் அவளுடைய தம்பி பஸாலும் கூட்டாளிமாரும். கறுப்பு முகமூடியோடு மிஹ்லார் ஏறியதும் முதலில் ஊளையிட்டவன் பஸால்தான். தன் மச்சானைத்தான் ஏசுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மிஹ்லார் கயிற்றுக்கு மேலால் விழவேண்டும். விழுந்தான். மேடையின் விளிம்பு இடது தோளில் இடித்தது. உள்ளே ஏதோ நழுவியது. அந்த நழுவல் அவனுக்குத் தெரிந்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினான்.

சுஜிந்தன் கழுத்தைக் கட்டிப்பிடித்து, சனத்துக்குக் கேட்காமல் கேட்டான். "ஏலுமா அண்ணன்?"

"ஏலும்."

சுஜிந்தன் மூலைக் கம்பத்தின் உச்சிக்கு ஏறினான். அங்கிருந்து தலைகீழாகச் சுழன்று பாய்வான். மிஹ்லார் இரண்டு கையாலும் நெஞ்சில் ஏந்தி, இருவருமாக விழவேண்டும். ஏந்தத் தவறினால் சுஜிந்தனின் கழுத்து பலகையில் விழும். பாயலாம் என்பதற்கு அடையாளம், மிஹ்லார் இரு கைகளையும் உயர்த்துவது.

வலது கை உயர்ந்தது. இடது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றான். கண் இருட்டியது. ஒற்றைக் கையால் பிடித்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினான். மேலே சுஜிந்தன் முழங்காலை மடித்து, அவனை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான். சனம் பாய், பாய் என்று கத்தியது.

மிஹ்லார் கையைக் கீழே போட்டான். தள்ளாடியபடி மூலைக்குப் போனான்.

"பாயாத தம்பி. கை போயிட்டு. புடிக்க ஏலா."

சுஜிந்தன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கம்பத்திலிருந்து சாதாரணமாக இறங்கினான். மிஹ்லாரை வலது பக்கமாக, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல மெல்லப் புரட்டிப்போட்டு மேலே படுத்தான். நடுவர் மூன்றுவரை எண்ணி ஆட்டத்தை முடித்தார். பெரிய பாய்ச்சலுக்குக் காத்திருந்த சனம் கள்ள ஆட்டம் என்று கூச்சல் போட்டது. தண்ணீர்ப் போத்தல்கள் வந்து விழுந்தன.

காட்சிக் குழுவின் லொறிக்குப் பின்னால் முதலாளி கொதித்துக்கொண்டு நின்றார். "சனம் வந்ததே அந்தப் பாய்ச்சலுக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து என்ர பேரக் கெடுத்துட்டீங்க."

"பாஞ்சிருந்தா இப்ப என்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க," என்றான் சுஜிந்தன். 

அப்னா ஓடி வந்தாள். முகமூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். "நோகுதா மச்சான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓட்டோ தேடத் திரும்பினாள்.

"நோகுது புள்ள. தாங்க ஏலாம இரிக்கி."

அவள் நின்றுவிட்டாள்.

ஓட்டோவில் அவன் பேச்சை நிறுத்தவில்லை. ஷார்ஜாவில் இரண்டாவது சுற்றிலேயே தோள் போனதைச் சொன்னான். உடைந்த விலாவோடு பெருநாள் வாழ்த்துச் சொன்னதை, ஒரு காது பல மாதம் இரைந்துகொண்டிருந்ததை, தோற்ற இரவுகளில் அறைக்குள் விடியும்வரை நடந்ததை எல்லாம் சொன்னான். அப்னா அழுவாள் என்று நினைத்தான். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப இவ்வளவு காலமும் நான் செவரோடயா கதைச்ச?"

 ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் அவனுடைய நல்ல கையை விடாமல் பிடித்திருந்தாள்.

காட்சிக் குழு அவனை விட்டுவிட்டு மட்டக்களப்புக்குப் போனது. கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு அவன் பழையபடி முற்றத்தில் நடந்தான். நோவு கூடிய நேரங்களில் ஏசினான். வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. கறுப்புச் சுறா யார் என்று தெரிந்த பஸால் பல நாள் மச்சானின் முகத்தைப் பார்க்காமல் திரிந்தான்.

கை தேறியதும் சுஜிந்தன் அழைத்தான். மிஹ்லாருக்குப் பதிலாகப் புதிதாக வந்தவன் எப்போதும் ஏலும் என்றே சொல்கிறானாம். அவனை நம்பித் தன்னால் பாய முடியவில்லையாம். மிஹ்லார் வந்தால்தான் பாய்வேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டானாம்.

"அங்க போயும் தோக்கத்தானே போறீங்க?" என்றாள் அப்னா.

"ஓம்."

"தோத்துட்டு ஊட்டுக்கு கோல் எடுங்க."

குருநாகலில் சுஜிந்தன் பாய்ந்தான். மிஹ்லார் இரண்டு கையாலும் ஏந்தி, அவனோடு விழுந்து, உருண்டு, துடித்துக் காட்டினான். சனம் ஆரவாரம் செய்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் லொறிக்கு அருகே மேலும் கீழுமாக நடந்தபடி அவன் வீட்டுக்கு அழைப்பு எடுத்தான்.

"இண்டைக்கு நோகுறது முதுகு," என்று தொடங்கினான்.